பட்டைக் கொட்டகையில் அம்மாவின் பெயர்

நம் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களைக் கூப்பிட இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்? என் மருமகள் "அத்தே" என்பாள். பேரப்பிள்ளைகள் "ஆயா" என்பார்கள். ரேஷன் கடையில் "ஏம்மா, தள்ளி நில்லு" என்பார்கள். சொந்தப் பெயர் எங்கோ ஒரு அட்டையில் தூங்கிக்கொண்டிருக்கிறது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. யாரோ கூப்பிடுகிறார்கள், நான் திரும்புகிறேன், அது போதும். ஆனால் மாதக்கணக்கில் யாரும் கூப்பிடாமல் இருந்த ஒரு மனுஷியை நான் பார்த்திருக்கிறேன். அவள் என் அம்மா. முதல் பெரிய சண்டை முடிந்த சமயம், எனக்கு ஒன்பது வயது.

ஆம்பூரில் பாலாற்றை ஒட்டி இருந்த ஒரு தோல் ஷாப்பில்தான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வேலை. தோல் பதனிடும் இடத்தை அங்கே அப்படித்தான் சொல்வோம். உள்ளே சுண்ணாம்புத் தொட்டியும் முடி வழிப்பதும் சதை வழிப்பதும் ஆண்கள் பாடு. வெளியே கீற்றுக் கொட்டகையில் ஆவாரம்பட்டை இடிப்பது பெண்கள் பாடு. இடித்த பட்டையை ஊற வைத்த தண்ணீரில்தான் தோல் பழுக்கும். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். எனக்கு இன்றைக்கும் பழைய செருப்புக் கடையைத் தாண்டினால் கால் தானாக மெதுவாகும்.

கொட்டகையில் ஏழெட்டுக் கல் உரல்கள் கழுத்துவரை மண்ணில் புதைந்திருக்கும். ஒரு உரலுக்கு இரண்டு பெண்கள், எதிரும் புதிருமாக. ஒருத்தி உலக்கை இறங்கும்போது மற்றவள் உலக்கை ஏறும். பழுப்புத் தூள் கிளம்பி, சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் புருவம் வந்துவிடும். பட்டை அடியில் கெட்டிப்படும் என்பதால், அவ்வப்போது ஒருத்தி உரலுக்குள் கையைவிட்டுக் கிளறிவிட வேண்டும். அதற்கு ஒரு வழக்கம் உண்டு. கையைவிடப் போகிறவள் எதிரில் இருப்பவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். எதிராளி உலக்கையை மேலேயே நிறுத்தி "ஆம்" என்பாள். அந்த "ஆம்" காதில் விழுந்த பிறகுதான் கை உள்ளே போகும். கூப்பிடாமல் கையை விட்டால் கை சட்னிதான்.

பெயர் என்றேனே, அது சொந்தப் பெயர் இல்லை. கல்யாணமாகி வந்தவளின் சொந்தப் பெயரைக் கொட்டகையில் யாரும் சொல்ல மாட்டார்கள். பிள்ளை பெயரைச் சொல்லி, அவன் அம்மா என்பார்கள். ஆண் பிள்ளை இருந்தால் அவன் பெயர்தான். அவனுக்கு முன்னால் பெண் எத்தனை இருந்தாலும் கணக்கில் இல்லை. என் தம்பி செம்பட்டை முடியோடு பிறந்தான். மருத்துவச்சி பார்த்துவிட்டு, "தொர மாதிரி கீறான்டி" என்று சொன்னாளாம். அதிலிருந்து அவன் தொர, அம்மா தொர அம்மா. ஐந்து வருஷம் முன்னாலேயே வந்து சேர்ந்த நான் வெறும் பாப்பா. எனக்கு அப்போது அதில் வருத்தம் இருந்ததாக நினைவில்லை. வருத்தம் பின்னால் வந்தது.

அம்மாவுக்கு உரலில் ஜோடி, எதிர்வீட்டுச் சித்தி. அப்பாவின் தோஸ்துக்குப் பெண்டாட்டி. உறவு என்று பார்த்தால் ஒன்றும் கிடையாது, ஆனாலும் அவர் எனக்குச் சித்தப்பா, அவள் சித்தி. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் அவளை மட்டும் "எதிர்வூட்டம்மா" என்று கூப்பிடுவார்கள். அம்மாவும் அவளும் இடித்தால் இரண்டு உலக்கைச் சத்தம் என்று சொல்லவே முடியாது. ஒரே ஆள் ஓடுவது மாதிரி இருக்கும்.

சண்டைக்கு ஆள் எடுத்தபோது அப்பாவும் சித்தப்பாவும் ஒன்றாகப் போனார்கள். துப்பாக்கி பிடிக்க இல்லை. சேணம் தைக்க, தண்ணீர்த் தோல்பை தைக்க. பஸ்ரா என்று ஒரு ஊர். அது எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு அப்பா, "ஜோலார்பேட்டை தாண்டி" என்றார். போகுமுன் தொரைக்கு ஒரு சின்ன மேளம் செய்து வைத்துவிட்டுப் போனார். கள்ளிப்பெட்டிப் பலகையில் வளையம், மேலே மெல்லிய ஆட்டுத்தோல். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. வந்து செய்கிறேன் என்றார்.

அப்பா அங்கேயே காய்ச்சலில் போய்விட்டார். கடுதாசி வந்தது, ஷாப் மேஸ்திரி படித்துச் சொன்னார். ஆற்றங்கரையில் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். அம்மா அழுதாள், பதினாறு முடிந்ததும் உலக்கையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். எதிர்வீட்டுச் சித்தி அவளைத் தொர அம்மா, தொர அம்மா என்று வழக்கத்தைவிட ஜாஸ்தியாகவே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கூப்பாட்டைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா நடமாடினாள் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த ஐப்பசியில் ஊரெங்கும் விஷக்காய்ச்சல். உங்கள் வீடுகளிலும் யாராவது போயிருப்பார்கள். செவ்வாய்க்கிழமை சித்தி போனாள். வியாழக்கிழமை தொர போனான். அவனுக்கு நான்கு வயது. நானும் அம்மாவும் படுத்தோம், எழுந்துவிட்டோம்.

அம்மா இந்தத் தடவையும் பதினாறு கழிந்து கொட்டகைக்குப் போனாள். நானும் கூடப் போனேன். உள்ளே நுழைந்ததும் உலக்கைகள் நின்றன. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள், யாரும் கூப்பிடவில்லை. எப்படிக் கூப்பிடுவார்கள்? தொர அம்மா என்று வாய் திறந்தால் புண்ணைக் குத்தின மாதிரி. வேறு பெயரும் அவளுக்குக் கிடையாது. கூப்பிட முடியாதவளோடு ஒரே உரலில் எப்படிக் கையை விடுவது? ஒருத்தி இடுப்பு வலி என்றாள், ஒருத்திக்கு ஏற்கெனவே ஜோடி இருந்தது. மேஸ்திரி பார்த்தார். "நீ போய் வெயில்ல பட்டைய பரப்பும்மா" என்று அனுப்பிவிட்டார். மூன்று நாள் தனியாக வெயிலில் பட்டை பரப்பினாள். நான்காம் நாள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள், எழுந்திருக்கவில்லை. அந்தப் பெண்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அவளை நோகடிக்கக் கூடாது என்றுதான் அத்தனை பேரும் வாயைக் கட்டினார்கள். அதை இப்போது நினைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

விரிஞ்சிபுரத்திலிருந்து அத்தை வந்து சேர்ந்தாள். அப்பாவுக்கு அக்கா. குள்ளம், குரல் மட்டும் ஆறடி. வந்த அன்றே சட்டியைக் கழுவி, கூரையைப் பார்த்து, பக்கத்து வீட்டோடு ஒரு சண்டையும் போட்டு முடித்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"இவ அயுவல. அயுதா சரியாப் பூடும்" என்றாள்.

அழ வைப்பதற்கு அவள் பட்ட பாடு! ஒப்பாரி வைக்கிற இரண்டு பேரைக் கூட்டிவந்தாள். அவர்கள் பாடிப் பாடி அத்தையே அழுது மூக்கைச் சிந்தினாள். அம்மா கூரையில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை மிளகாயைக் கருக்கிப் பார்த்தாள். தெருவே இருமியது, அம்மா இருமினாள், அவ்வளவுதான். பேய் பிடித்திருக்கிறது என்று கோயிலுக்கு இழுத்துப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றினாள். அம்மாவுக்குச் சளி பிடித்தது.

கடைசியில் அத்தைக்குத்தான் அது பட்டது. "இவள யாருமே கூப்புடறதில்லியே, இன்னா ஜனங்கடி இது! ஏன், பொண்ணு ஒண்ணு கல்லு மாதிரி கீதே. இன்னிலேர்ந்து இவ பாப்பா அம்மா. எல்லாரும் அப்பிடியே கூப்புடணும்" என்று தெருவுக்கே உத்தரவு போட்டாள்.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. என் பெயரில் அம்மா! தண்ணீர் எடுக்கப் போகிறவள் எல்லாம் வாசலில் நின்று "பாப்பா அம்மா" என்றார்கள். அத்தை காதருகில் போய்க் கத்தினாள். நான் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் திரும்பவில்லை. யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பது மாதிரி இருந்தாள். பத்து நாளில் தெருவுக்கு அலுத்துவிட்டது. பெயர் என்னுடையதாக இருந்ததால்தான் அவள் திரும்பவில்லை என்று எனக்குத் தீர்மானமாகிவிட்டது.

ஒரு மத்தியானம் பெட்டிக்குப் பின்னாலிருந்து தொரையின் மேளத்தை எடுத்தேன். அவன் அடிப்பது போலவே, இரண்டு அடி, ஒரு இடைவெளி, ஒரு அடி, அடித்தேன். அம்மா வெடுக்கென்று திரும்பினாள். அவள் முகம் மலர்ந்ததே, அப்படி ஒரு மலர்ச்சியை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. அடித்தது நான் என்று தெரிந்தது. முகம் மூடிக்கொண்டது. மறுபடி வாசலைப் பார்த்துத் திரும்பிவிட்டாள்.

மேளத்தை எடுத்துப் போய் ஷாப்பின் சுண்ணாம்புத் தொட்டியில் போட்டுவிட்டேன். மிதந்தது. கழியால் அமுக்கினேன். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன், வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் கொட்டகையில் அம்மாவின் இடம் போய்விடக் கூடாது என்று அத்தையே உலக்கை பிடிக்கப் போனாள். விரிஞ்சிபுரத்தில் களை எடுத்த கை, பட்டையை உரலைவிட்டு வெளியே இடித்தது.

சித்திரையில் ஒரு நாள் சித்தப்பா ரயிலிலிருந்து இறங்கி வந்தார். ஒரு தகரப் பெட்டி, காக்கிச் சட்டை, இடது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும். சண்டையில் போனதா என்று நாங்கள் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டோம். இல்லை, ஒட்டகத்தைக் கட்டும்போது கயிற்றில் மாட்டிக்கொண்டதாம். எங்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அவருக்குச் சித்தி போனது தெரியாது. எதிர்வீட்டுத் தாழ்ப்பாளை ஒற்றைக் கையால் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தைதான் போய்ச் சொன்னாள். அவர் பெட்டியின்மேல் உட்கார்ந்தார். எனக்கு அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. போனது இரண்டு பேர், வந்தது ஒருவர். வந்தது ஏன் இவர் என்று ஒன்பது வயதில் நான் நினைத்தேன்.

சதை வழிக்கும் கத்திக்கு இரண்டு கை வேண்டும். உள்ளே அவருக்கு வேலை இல்லை என்றார் மேஸ்திரி. "பட்டை இடிக்கத்தான் ஆளு கம்மி. பொம்பளைங்க வேல. வேணும்னா செய், பேஜார் பண்ணாத" என்று சொல்லிவிட்டார். சித்தப்பா மறுநாள் காலையில் கொட்டகைக்கு வந்து நின்றார். சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. "பஸ்ராகாரரு வந்துகீறாரு, பாய் போடுங்கடி" என்றாள் ஒருத்தி. அன்றிலிருந்து அவருக்கு பஸ்ரா என்றே பெயர். ஆம்பளையோடு எதிரில் நின்று இடிக்க யாரும் வரவில்லை. மிஞ்சியிருந்தது அத்தை.

அத்தை "டேய்" என்பாள். அவர் "ஆம்" சொல்வதற்குள் கையை விடுவாள். திட்டுவாள். மூன்றாம் நாள் அவர் உலக்கை அத்தையின் கட்டைவிரலில் இறங்கியது. நகம் கறுத்து, கை வீங்கி, அத்தை வீட்டில் படுத்துக்கொண்டு தெரிந்த சாமிகளையெல்லாம் வைதாள். மேஸ்திரி சொல்லியனுப்பினார். நாளைக்குள் உங்கள் வீட்டு ஆள் யாரும் வராவிட்டால் அந்த உரல் வேறு ஆளுக்கு.

அன்று சாயங்காலம் சித்தப்பா எங்கள் வாசலுக்கு வந்தார். அம்மா வழக்கம்போல வாசற்படியில். அவளுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றார்.

"அண்ணி" என்றார். அவள் திரும்பவில்லை.

பிறகு கொட்டகையில் கூப்பிடுகிற அந்த இழுப்போடு, தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டார்.

"தொர அம்மா!"

உள்ளே படுத்திருந்த அத்தை வீங்கின கையோடு பாய்ந்து வந்தாள். "டேய்! அறிவு கீதா உனுக்கு? அந்தப் பேர எடுக்கலாமாடா?"

"ஏன்க்கா? செத்துப் போனா புள்ள இல்லன்னு ஆய்டுமா? அவன் தொரதான. இவங்க அவன் அம்மாதான. வேற யாரு?"

அம்மா அவரைப் பார்த்தாள். ஆறு மாதத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தையை நான் கேட்டேன்.

"ஆம்" என்றாள்.

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ போவ சொல்ல அவனுக்குப் பல்லு மொளைச்சிருந்திச்சா?" என்று கேட்டாள் அம்மா. குரல் கரகரவென்று இருந்தது.

"நாலு பல்லு. என் வெரல கடிச்சி வெச்சானே, மறந்துட்டீங்களா? ரத்தமே வந்துடுச்சி." கையைத் தூக்கிப் பார்த்தார். "அந்த வெரலு இப்ப இல்ல. பஸ்ராவுல வுட்டுட்டு வந்துட்டேன்."

பிறகு அவர்கள் பேசினார்கள். சித்தி போனபோது பக்கத்தில் இருந்தது அம்மா. அப்பா போனபோது பக்கத்தில் இருந்தது சித்தப்பா. இருவருக்கும் வேண்டியது மற்றவரிடம் இருந்தது. அதுவரை அதை யாரும் கேட்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

"கடசீல என் பொண்டாட்டி எதுனா கேட்டாளா?"

"நாவப்பயம் கேட்டா. ஐப்பசில எங்க போறது? ஷாப்புல கெடந்த கடுக்காயத்தான் கைல குடுத்தேன். கண்ண மூடிக்கினு வாசன பாத்தா. 'ஏமாத்தாத'ன்னா. அதான்."

அவர் தலையை ஆட்டினார். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"அவரு?" என்றாள் அம்மா.

"ரெண்டு நாளு பேச்சே இல்ல. நடுவுல ஒரு வாட்டி கஞ்சி குடுத்தேன். உப்பு ஜாஸ்தின்னாரு."

"அப்புறம்?"

"அவ்ளோதான் அண்ணி. பொய் சொல்ல வரல எனுக்கு."

அம்மா சிரித்தாள். "அங்க போயுமா!" என்றாள். கஞ்சியில் உப்பு ஜாஸ்தி என்று அப்பா சொல்லாத நாளே எங்கள் வீட்டில் கிடையாது. சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. அத்தை ஆறு மாதமாக வேண்டிக்கொண்டிருந்த அழுகை வந்தபோது, அவளே பயந்துபோய் "போதும்டி, போதும்டி" என்று முதுகைத் தடவினாள்.

மறுநாள் அம்மா உலக்கையை எடுத்தாள். சித்தப்பாவுக்கு எதிரில் நின்றாள். ஊர் வாய் சும்மா இருக்குமா? என்னென்னமோ சொன்னார்கள். எங்கள் ஜனத்தில் புருஷன் போனவள் இன்னொருவரைக் கட்டிக்கொள்வது ஒன்றும் அதிசயமில்லை. அத்தையேகூட இரண்டு தரம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தாள். அவர்கள் கட்டிக்கொள்ளவில்லை. பதினோரு வருஷம் எதிரெதிரே நின்று பட்டை இடித்தார்கள், அவர் எதிர்வீட்டில், நாங்கள் இந்த வீட்டில். நான் அவரைப் பார்த்து முகத்தைத் திருப்பாமல் இருந்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்குமோ என்று சில சமயம் நினைப்பேன். கேட்க இப்போது யாரும் இல்லை.

முகத்தைத் திருப்பியதற்குக் காரணம் இருந்தது. கொட்டகை முழுக்க மறுபடி தொர அம்மா, தொர அம்மா. பயம் தெளிந்த பெண்கள் வாய் நிறையக் கூப்பிட்டார்கள். அம்மாவும் "ஆம்", "ஆம்" என்றாள். சாப்பிட்டாள், குளித்தாள், அத்தையோடு சண்டை பிடித்தாள். நான் கண்ணில் படவில்லை. மத்தியானம் கஞ்சிச் சட்டியை நான்தான் கொண்டுபோவேன். வாங்கிக்கொள்வாள், குடிப்பாள், சட்டியைத் திருப்பிக் கொடுப்பாள். செத்த பிள்ளை பெயருக்குத் திரும்புகிறவளுக்கு உயிரோடு நிற்கிறவள் தெரியவில்லையே என்று வயிறு எரிந்தது. நானும் காய்ச்சலில் போயிருந்தால் என்னையும் கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். நினைத்ததைச் சொல்கிறேன், அடிக்க வராதீர்கள்.

ஆடி மாசம் ஆற்காட்டுப் பக்கமிருந்து ஒரு புதுப் பெண் வேலைக்கு வந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. கொட்டகையில் எல்லோரிடமும் கேட்பது போல அம்மாவிடமும் கேட்டாள்.

"உனுக்கு எத்தினி பசங்க யக்கா?"

நான் கஞ்சிச் சட்டியோடு கொட்டகை ஓரத்தில் நின்றிருந்தேன். எல்லா உலக்கைகளும் நின்றுவிட்டன. சித்தப்பா தன் உலக்கையை மேலேயே பிடித்துக்கொண்டிருந்தார். ஒன்று என்று சொல்வாளா, ஒன்றுமில்லை என்பாளா, மறுபடி வாசற்படிக்குப் போய்விடுவாளா?

அம்மா உரலுக்குள் கையைவிட்டுப் பட்டையைக் கிளறினாள்.

"ரெண்டு" என்றாள். "சின்னவன் ஆத்தங்கரையில கீறான். பெரியவ தோ நிக்கிறா பாரு, கஞ்சி எட்தாந்துட்டு. அவங்கப்பன மாதிரியே மொகம். எனுக்கு காய்ச்சலு வந்தப்ப இவதான் தண்ணி குடுத்தா."

தண்ணீர் கொடுத்தது எனக்கே மறந்திருந்தது. அவளுக்கு நினைவிருந்திருக்கிறது.

நான் ஓடினேன். பட்டைக் குவியலில் கால் தடுக்கி, சட்டியோடு விழுந்தேன். கஞ்சி பாதி மண்ணில், பாதி இடித்த பட்டையில். மேஸ்திரி அந்தப் பக்கமிருந்து கத்திக்கொண்டு வந்தார். அதற்குள் அம்மா உலக்கையைப் போட்டுவிட்டு வந்து என் காதைப் பிடித்துத் தூக்கினாள்.

"கண்ணு எங்கடி கீது உனுக்கு? பொடனிலியா? மத்தியானத்துக்கு இன்னாத்த குடிக்கிறது, உன் தலையவா? முட்டியக் காட்டு. காட்டுடி பாப்பா, ரத்தம் வருது பாரு, பாப்பா..."

காது எரிந்தது, முட்டி எரிந்தது. நான் வாய்விட்டு அழுதேன். அவள் திட்டத் திட்ட, இன்னும் திட்டட்டும் என்று அழுதேன்.